ஈரத் துணியின் நிறை

கண்டாவளை,
28.09.2025

அன்புள்ள தேனு அண்ணிக்கு,

தாட்சாயினி எழுதுவது. இங்கே நானும் இவரும் சுகம். நீங்களும் உங்கள் மகளான என் மருமகள் யதுர்ஷிகாவும் அந்தக் குளிர் நாட்டில் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டுமென்று நாச்சிமாரை நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் வேண்டிக் கிடக்கிறது என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். போனில் கதைத்தால் உங்கள் முகம் எனக்குத் தெரியும், என் முகம் உங்களுக்குத் தெரியும். எழுதப்போகிற விஷயத்துக்கு முகம் தெரியாமல் இருப்பதுதான் நல்லது.

முதல் மழை விழுந்துவிட்டது. இவர் காலபோக நெல் விதைப்புக்கு ஓடித் திரிகிறார். உழவு மெஷின்காரனோடு காலையில் சண்டை, மத்தியானம் அவனுக்கே சோறு. நீங்கள் அனுப்பிய கிறீமைக் கால் வெடிப்புக்குப் பூசிக்கொண்டு வயலுக்குப் போகிறார். டென்மார்க் வாசத்தோடு சேற்றில் நிற்கிற ஒரே மனிதர் இந்தப் பகுதியில் அவர்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரிக்கு மண்டையோட்டு ஒப்பரேஷன் செய்கிற பெரிய டொக்டர் ஒருவர் மாதம் ஒருமுறை வெளியிலிருந்து வருவார். போன மாதம் முல்லைத்தீவிலிருந்து எட்டு மாதப் பெண்குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மண்டையோட்டு எலும்புகள் முன்கூட்டியே ஒட்டிப்போன பிள்ளை. தலை அகலத்துக்கு வளர இடமில்லாமல் தோணி மாதிரி நீளத்துக்கு வளர்கிறது. அப்படியே விட்டால் மூளையை நெரிக்கும். ஒட்டிய எலும்பை வெட்டி எடுத்து இடம் கொடுக்க வேண்டும்.

அந்த ஒப்பரேஷனில் கத்தியைவிடப் பெரிய பயம் இரத்தம். எட்டுக் கிலோப் பிள்ளையின் உடம்பு முழுவதும் ஓடுவதே அறுநூற்றி நாற்பது மில்லிலீற்றர்தான். ஒரு பெரிய சோடாப் போத்தல் நிரம்பாது. தலைத் தோலும் எலும்பும் கசிந்துகொண்டே இருக்கும், பார்த்தால் பெரிதாகத் தெரியாது. போனதைக் குறைத்துக் கணக்கிட்டால் பிள்ளையின் இதயம் நின்றுவிடும். கூட்டிக் கணக்கிட்டு அளவுக்கு மேல் ஏற்றினால் நுரையீரலில் நீர் கட்டும். அதனால் இரத்தம் ஒற்றிய ஒவ்வொரு துணியையும் உடனுக்குடன் நிறுக்க வேண்டும். காய்ந்த துணி இருபது கிராம். நனைந்தபின் ஐம்பது காட்டினால் முப்பது மில்லிலீற்றர் போய்விட்டது என்று அர்த்தம். அதை உரத்துச் சொல்லி, வெள்ளைப் பலகையில் எழுதிக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். மயக்க மருந்து டொக்டர் அந்தத் தொகையைப் பார்த்துத்தான் இரத்தம் ஏற்றுவா.

தராசில் நிற்பது தாதியான என் வேலை. மயக்க மருந்து டொக்டர் றுமானா வவுனியாப் பிள்ளை, முப்பத்திரண்டு வயதுதான். மிஸ்ஸின்ர கண் தராசைவிடச் சரி என்று எல்லோருக்கும் சொல்லித் திரிவா. எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நான் நிறுத்தேன், சொன்னேன், எழுதினேன். பலகையில் தொகை நூற்றிநாற்பது. அப்போது குழந்தையின் இதயத் துடிப்பு கன்றுக்குட்டி ஓடுவதுபோல் ஓடத் தொடங்கியது. றுமானா டொக்டர் பலகையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, உண்மையா நூற்றிநாற்பதுதானோ மிஸ் என்று கேட்டா. ஓம் டொக்டர் என்றேன். அடுத்த நிமிடம் துடிப்பு இல்லை. டொக்டர் இரண்டு பெருவிரல்களாலும் அந்தச் சின்ன நெஞ்சை அமத்தினா. நாற்பது விநாடி. பிறகு துடிப்பு திரும்பி வந்தது. அவசரமாக இரத்தம் ஏற்றிப் பிள்ளையை மீட்டோம். இன்றைக்கு அது வீட்டில் தவழ்கிறது. அந்த நாற்பது விநாடியை மட்டும் என்னால் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை.

எல்லோரும் போன பிறகு ஒப்பரேஷன் தியேட்டர் வேலையாள் சுடலைமுத்து துணிப் பையைக் கட்டாமல் வைத்துக்கொண்டு நின்றார். நல்ல மனுஷன், தேவையில்லாமல் வாய் திறக்காதவர். இருவருமாக எல்லாத் துணியையும் திரும்ப நிறுத்தோம். இருநூற்றி முப்பது வந்தது. தராசில் நிறைக்கல்லை வைத்துச் சோதித்தோம். தராசு சரியாத்தான் இருக்குங்க மிஸ் என்றார். என்னைக் குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அதுதான் கூடப் பயமாக இருந்தது.

பிறகு பலகையைப் பார்த்தேன். அண்ணி, அது என் எழுத்து, ஆனால் இப்போதைய எழுத்து இல்லை. யுத்த காலத்தில் எனக்கு மருத்துவம் பழக்கியவர், ஒன்றும் ஏழும் குழம்பக்கூடாது என்று ஏழின் நடுவில் ஒரு கோடு போடச் சொல்லித் தந்திருந்தார். முகாமிலிருந்து வெளியே வந்து அரசாங்கத் தாதியானபோது அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். பதினைந்து வருடமாக நான் அப்படி ஏழு எழுதியதில்லை. பலகையில் ஏழு ஐந்து இடத்தில் வந்திருந்தது, ஐந்திலும் அந்தக் கோடு இருந்தது.

இன்னொன்று. ஒப்பரேஷன் நடக்கும்போது என் உடுப்பின் கீழ்க்கரையை யாரோ பிடித்து மெல்ல இழுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே, தரையில் கிடக்கிற ஒருவர் கையை நீட்டி இழுப்பதுபோல. கதிரைக் காலில் மாட்டியிருக்கும் என்று நினைத்து நான் குனிந்து பார்க்கவில்லை. கழற்றும்போது பார்த்தால் அந்த இடம் ஒரு பிடியளவு கசங்கிக் கிடந்தது. என் பக்கத்தில் கதிரையே இருக்கவில்லை.

சுடலைமுத்து தியேட்டர்ச் செருப்புகளைக் கழுவி வைக்கிறவர். அடுத்த நாள் காலையில் என்னிடம் வந்து, ஆறு பேருதான் மிஸ் உள்ள இருந்தீங்க, ஏழு சோடி நனஞ்சு கெடந்துச்சு என்றார். சொல்லிவிட்டுப் போய் வேலையைப் பார்த்தார். உங்களுக்குத் தெரியும், பேய்க்கதை சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பதினைந்து வருடம் இரவு வார்ட் பார்த்தவளுக்குப் பேயைவிடப் பூனைதான் தொல்லை. ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரத்தம் விரிப்புக்குள் ஒளிந்திருக்கும் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. இப்போது அடுத்த பிள்ளை வருகிறது. நிருஷன் என்று பெயர், ஒன்பது மாதம், எட்டரைக் கிலோ, உடையார்கட்டு. ஒக்டோபர் இருபத்திரண்டு, புதன்கிழமை ஒப்பரேஷன். றுமானா டொக்டர் என்னைத்தான் தராசில் நிற்கக் கேட்கிறா. அனுபவமுள்ள தாதிமார் பாதிப்பேர் வெளிநாடு போய்விட்டார்கள். நான் மறுத்தால் இரண்டு மாதத்துக்கு முன் வந்த ஒரு பிள்ளைதான் நிற்க வேண்டும். நின்றால், என் வாய் என்ன சொல்லும் என்று எனக்கே தெரியாது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

உடையார்கட்டு என்று கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை அண்ணி. மருமகளுக்கு என் முத்தம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரியச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சாள்
தாட்சாயினி


கண்டாவளை,
06.10.2025

அன்புள்ள அண்ணிக்கு,

முதல் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் இதுவும் புறப்பட்டுவிடும். இரண்டும் ஒன்றாக வந்தாலும் முன்னதை முன்னே வாசியுங்கள். நானும் இவரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். இவர் சுகம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலேயே என்னை நானே சோதித்துப் பார்த்தேன். குசினித் தராசை மேசையில் வைத்தேன். ஒரே அளவில் பத்துத் துணி வெட்டி, கிணற்றுத் தண்ணீரில் ஒவ்வொன்றாக நனைத்து நிறுத்தேன். நான் வாசிக்க வாசிக்க இவர் எதிரில் இருந்து சரிபார்த்தார். பத்தும் சரி. பிறகு பீற்றூட் அவித்த தண்ணீரை ஊற்றினேன். சமையலுக்கு வாங்கிய கிழங்கை இப்படிப் பாழாக்குகிறாயே என்று இவர் பகிடி விட்டுக்கொண்டிருந்தார்.

முதல் துணியை வைத்துவிட்டு நிறையைச் சொன்னேன். இவர் சிரித்தார். என்ன விளையாட்டு இது, அறுபத்திரண்டு எண்டு கிடக்கு, நீ முப்பத்தெட்டு எண்டு சொல்லுறாய் என்றார். நான் அறுபத்திரண்டு என்றுதான் சொன்னேன் அண்ணி. என் காதில் அப்படித்தான் விழுந்தது. இரண்டாவது துணி, மூன்றாவது துணி. நான்காவதில் இவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். ஏழாவதில் எழும்பி, பேசினைத் தூக்கிக்கொண்டு போய்த் தேசிமரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, நீ ஆருக்குப் பொய் சொல்லுறாய் என்று கேட்டார்.

பகல் பதினொரு மணி. முற்றத்தில் வெயில்.  யாருக்குப் பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும். இவருக்குச் சொல்வதற்கு முதல் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீங்கள் தனியே இருக்கும்போது வாசியுங்கள்.

2009 தை மாதம். உடையார்கட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் காயக்காரருக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு இருபத்தாறு வயது. அங்கே தராசு இல்லை. காயக்காரரைச் சுற்றி வந்த துணியைக் கையில் தூக்கிப் பார்த்து எவ்வளவு போயிருக்கும் என்று சொல்ல வேண்டும். அந்தக் கணிப்பு எனக்கு நன்றாக வந்தது. அதனால் டொக்டர் என்னையே கேட்பார். இரண்டு லீற்றருக்குள் என்றால் ஆளை மேசைக்குத் தூக்குவோம். அதற்கு மேல் என்றால் முற்றத்து வேம்புக்குக் கீழே பாயில் கிடத்துவோம். அப்படி ஒருவரும் சட்டம் போடவில்லை. எங்களிடம் மிஞ்சியிருந்த இரத்தப் பைகள் போட்ட சட்டம் அது.

ஒருநாள் பொழுதுபடும் நேரம் ஒரு ஆணைத் தூக்கி வந்தார்கள். தலையில் செல் குண்டின் துண்டு. முகம் தெரியாமல் சாரத்தால் சுற்றியிருந்தார்கள். இரண்டு சாரம், ஒரு போர்வை, எல்லாம் ஊறிப்போயிருந்தன. நான் தூக்கிப் பார்த்தேன். அப்போது மிச்சமிருந்தது ஒரேயொரு பை. பக்கத்தில் வயிற்றில் காயத்தோடு ஒரு பெண். டொக்டர் திரும்பிப் பார்த்து, எவ்வளவு தங்கச்சி என்று கேட்டார். நான் கண்டதைச் சொன்னேன். டொக்டர் முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனார்.

பிறகுதான் சாரத்தை விலக்கி முகத்தைத் துடைத்தேன். அது எங்கள் ரஜிதன் அண்ணா.

நான் ஓடினேன். அது என்ர அண்ணா டொக்டர் என்று கத்தினேன். அவர் ஊசியைக் குத்தி முடித்திருந்தார். இப்ப இதைக் கழற்றேலாது தங்கச்சி என்றார், கும்பிடுகிற குரலில். நான் அந்த இரத்தக் குழாயில் கை வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தப் பெண் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. கையை எடுத்துவிட்டேன். அவ பிழைத்துவிட்டா. போன வருடம் முல்லைத்தீவு பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இருந்தா. என்னைத் தெரியவில்லை. நான் இரண்டு தரிப்பிடம் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

அண்ணா உடனே போகவில்லை. அன்றிரவு முழுவதும் இருந்தார். அடுத்த நாள் பகல் இரண்டரை மணி வரைக்கும் வேம்படியில் இருந்தார். இருபது மணித்தியாலம். நான் வேலைக்கு நடுவில் ஓடி ஓடி வந்து பார்த்தேன். நான் எழும்பும் ஒவ்வொரு முறையும் என் சட்டைக் கரையைப் பிடித்து இழுப்பார். பலம் இல்லாத பிடி, ஆனால் விடமாட்டார். விரல் விரலாகப் பிரித்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. இரவு பத்து மணிபோல ஒருமுறை கதைத்தார். பிள்ளை பால் குடிக்குதோ என்று கேட்டார். குடிக்குது அண்ணா என்றேன்.

நீங்கள் அப்போது பதினொரு நாள் பிள்ளையோடு பங்கருக்குள் இருந்தீர்கள். இரண்டு நாள் கழித்து வந்த உங்களிடம், அவரைக் கொண்டுவருகிற வழியிலேயே போய்விட்டார் என்று சொன்னேன். வழியில் போனவருக்கு ஒருவரும் பொறுப்பில்லை. நீங்கள் என் தோளில் விழுந்து அழுதீர்கள். நான் உங்கள் தலையைத் தடவினேன்.

அன்றிலிருந்து யுத்தம் முடியும்வரை நான் யாருக்கும் உண்மைத் தொகை சொல்லவில்லை. துணி எவ்வளவு கனத்தாலும் இரண்டு லீற்றருக்குள்தான் சொன்னேன். எந்தத் துணிக்குள் யாருடைய அண்ணா இருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? சிலர் பிழைத்தார்கள். சிலர் இரத்தத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த இரத்தம் போயிருக்க வேண்டிய ஆட்கள் வேம்படியில் கிடந்தார்கள். டொக்டருக்கு விளங்கியிருக்கும். ஒருநாள் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு அடுத்த காயக்காரரிடம் போனார். யுத்தம் முடிந்தது, முகாம் முடிந்தது, நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். என் வாய் விடவில்லை. அந்த முதல் ஒப்பரேஷனில் ஒரு குழந்தையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அதே வாய் அதைக் கொல்லப் பார்த்தது.

நிருஷனின் தாய் கிளினிக் நாளில் என்னைத் தேடி வந்து கையைப் பிடிக்கிறா. மிஸ் நீங்கள் உள்ளுக்கு நிப்பியள்தானே என்று கேட்கிறா. அந்தப் பிள்ளை என் மூக்குக்கண்ணாடியைப் பறிக்கிறது. இருபத்திரண்டாம் திகதி நான் உண்மைத் தொகையைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முதல், அந்த யுத்தத்தில் கடைசியாக உண்மை சொன்ன அந்த ஒரு தொகையை உரியவரிடம் சொல்ல வேண்டும் என்று என் மனம் சொல்கிறது. இரண்டு லீற்றர் நானூறு. அதுதான் அண்ணி, உங்கள் கணவருக்கு நான் சொன்னது.

என்னைத் திட்டுங்கள், சபிக்கவும் செய்யுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் யதுர்ஷிகாவை என்னோடு கதைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தாட்சாயினி


கண்டாவளை,
25.10.2025

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதங்கள் கிடைத்துவிட்டன என்று தெரியும். தீபாவளியன்று மருமகள் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அம்மா உங்கட கடிதத்தை வைச்சுக்கொண்டு குசினிக் கதவைப் பூட்டிப்போட்டு இருக்கிறா மாமி, என்ன நடந்தது என்று கேட்டிருந்தாள். அம்மா சொல்லுவா என்று மட்டும் பதில் போட்டேன். இரண்டு தடவை உங்களுக்குப் போன் எடுத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

புதன்கிழமை நடந்ததை எழுதுகிறேன். வேறு யாருக்கு எழுதுவது?

செவ்வாய்க்கிழமை றுமானா டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேம்பு, பீற்றூட், ஏழின் நடுவில் விழுந்த கோடு, எல்லாம். என்னை நிறுத்த வேண்டாம் என்று கேட்டேன். அவ தேத்தண்ணியைத் தள்ளி வைத்துவிட்டுப் புதன்கிழமை லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தா. பிறகு, நீங்கள் நிக்கத்தான் வேணும் மிஸ், சுடலைமுத்து அண்ணையும் பக்கத்தில நிக்கட்டும், நீங்கள் சொன்ன பிறகு அவர் பார்த்துச் சொல்லட்டும், ரெண்டும் வேறயெண்டால் அந்த இடத்திலயே உங்களை மாத்துறன் என்றா. இந்த வயதில் எப்படி இவ்வளவு நிதானம் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நிருஷனை மயக்கிக் கிடத்தினார்கள். எட்டரைக் கிலோ, உடம்பில் அறுநூற்றி எண்பது. தலைத் தோலைத் திறந்தபோது முதல் துணி வந்தது. காய்ந்த நிறையைக் கழித்துப் பதினெட்டு என்றேன். பதினெட்டு என்றார் சுடலைமுத்து. இருபத்திநாலு. இருபத்திநாலு. எழுதும்போது ஒவ்வொரு இலக்கத்தையும் பார்த்துப் பார்த்து எழுதினேன், முதலாம் வகுப்புப் பிள்ளைபோல. எலும்பை வெட்டும் வரைக்கும் எல்லாம் பொருந்தியே வந்தது. பலகையில் நூற்றி ஐம்பது. றுமானா டொக்டர் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டிருந்தா.

எலும்பைத் தூக்கியதும் கீழேயிருந்து பெருகியது. பெரிய டொக்டர் துணிமேல் துணியாக வைத்து அமத்தினார். அவை எல்லாம் ஒரே குவியலாகத் தராசுக்கு வந்தன. அப்போது அறையின் சத்தம் குறைந்துபோனது அண்ணி. மெஷின் அடிக்கிறது, எனக்குத் தூரத்தில் கேட்கிறது. ஏசி ஓடுகிற அறையில் எனக்கு வேம்பம்பூ மணத்தது. முழங்காலுக்குக் கீழே அந்தப் பிடி வந்தது. இந்த முறை மெல்ல இல்லை. பாரத்தோடு, என்னைக் கீழே இருத்திவிடுகிற மாதிரி இழுத்தது. காய்ந்த நிறை போகத் தராசில் அறுபத்திநாலு நின்றது. என் நாக்கு நாற்பதை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. பொய் சொல் பிள்ளை, சொன்னால் மேசைக்குத் தூக்குவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சொன்னதுபோல் இருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். போன முறை பார்க்கவில்லை, இந்த முறை பார்த்தேன். ஒருவரும் இல்லை. என் உடுப்புக் கரை மட்டும் ஒரு பக்கம் நீண்டு, இறுகி, கூராக நின்றது. பிடிக்கிற கை மட்டும் இல்லை.

அறுபத்திநாலு என்று சொன்னேன். கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். அறுபத்திநாலு என்றார் சுடலைமுத்து. மொத்தம் இருநூற்றிப் பதினாலு. பிள்ளையின் இரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. சொல்லிவிட்டு நான் றுமானா டொக்டரின் முதுகைப் பார்க்கக் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் டொக்டர் திரும்பி அடுத்த ஆளிடம் போவார். பதினாறு வருடமாக எனக்குத் தெரிந்தது அதுதான்.

அவ திரும்பவில்லை. அங்கே அடுத்த ஆள் என்று ஒருவரும் இல்லை. கையை நீட்டி அடுத்த பையை எடுத்து, கொழுவி, ஊசிக்குழலால் தள்ளத் தொடங்கினா. பலகையைப் பார்த்துக்கொண்டே, அடுத்ததைச் சொல்லுங்கோ மிஸ் என்றா. நான் அடுத்ததைச் சொன்னேன். முகக்கவசம் முழுவதும் நனைந்துவிட்டது. சுடலைமுத்து என் பக்கம் திரும்பாமல் நின்றார்.

நிருஷனின் நாடி ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. வியாழக்கிழமை காலை நான் போனபோது தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்தான். தலை முழுவதும் கட்டு, கண் வீங்கிக் கிடக்கிறது, அந்த நிலையிலும் என் கண்ணாடிக்குக் கை நீட்டுகிறான்.

அண்ணி, பயப்படுத்துவதற்காக எழுதவில்லை. தியேட்டரில் என்னைப் பிடித்தது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. என் மூளைதான் என்று றுமானா டொக்டர் சொல்லக்கூடும், அவ படித்த பிள்ளை. ஆனால் புதன்கிழமை இரவு கட்டிலில் கிடந்து யோசித்தபோது ஒன்று விளங்கியது. உங்களிடம் இன்னும் ஒன்று சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

அண்ணா வழியிலேயே போனதாக நான் சொன்னேனே, அவரைக் கொண்டுவந்த அந்த நாள் ஏகாதசி. நீங்களும் அதை நம்பி, தை அமாவாசைக்கு முன் வருகிற ஏகாதசியில் வருடா வருடம் திவசம் செய்கிறீர்கள். எங்கோ இருக்கிற ஐயரைக் கூப்பிட்டு, மருமகள் கையால் படைத்து, படத்தை எனக்கும் அனுப்புகிறீர்கள். ஒவ்வொரு முறையும் பதிலுக்குப் போனில் கும்பிடுகிற கைப் படம் போட்டுவிட்டு அடுத்த நாள் நான் ஒளித்துச் சோறு வைத்திருக்கிறேன். ஏகாதசியன்று அவர் உயிரோடு இருந்தார் அண்ணி. பிள்ளையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போனது அடுத்த நாள் இரண்டரை மணிக்கு, துவாதசியில். பதினாறு வருடமாக நாங்கள் உயிரோடு இருந்த ஒரு மனுஷனுக்குத் திவசம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். போன மனுஷனுக்கு நீங்களும் பிள்ளையும் ஒருமுறைகூடக் கொடுக்கவில்லை. நான் வைத்தது திருட்டுச் சோறு. அது அவருக்குப் போய்ச் சேர்ந்திராது.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அது உங்கள் மனம் பார்த்துச் செய்கிற காரியம், செய்யாமலும் விடலாம். என்னோடு கதைக்காமல் விட்டாலும் தாங்கிக்கொள்வேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருகிற தையில் ஏகாதசியன்று இலை போடாதீர்கள். அன்றைக்கு யதுர்ஷிகாவைப் பக்கத்தில் இருத்தி, இன்றைக்கு உன்ர அப்பா இருக்கிறார், நீ பால் குடிக்கிறாயோ எண்டு கேட்கிறார் என்று சொல்லுங்கள். அடுத்த நாள் இரண்டரை மணி தாண்டிய பிறகு படையுங்கள். நான் எடுத்த அந்த ஒரு நாளை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள் அண்ணி.

நீங்களும் பிள்ளையும் நூறு வயது சுகமாக இருக்க வேண்டும்.

தாட்சாயினி